தொரை விளையாட்டில் இல்லாத ஆள்

எழுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக் குமரிகள் நாலு பேர் 'தொரை விளையாட்டு' விளையாடுவோம். ஒருத்தி தோட்டத்தை ஆளும் தொரை. இன்னொருத்தி ஏதாவது கேட்டு வந்து நிற்பாள்: லீவு, கம்பளி, கூரைக்குத் தகரம். கெஞ்சிப் பேசி முடித்ததும், ஒரு பக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டை நாலைப் போட வேண்டும். மூன்று வெள்ளையாவது விழுந்தால் தொரை மனமிரங்கிவிட்டார் என்று கணக்கு.

எனக்கு அந்தக் கொட்டையே பிடிக்காது. நான் பேசினால் தொரையாக இருப்பவளுக்கே கண் கலங்கும். ஒரு நாள் அப்படிப் பேசிவிட்டு, கொட்டை போட மாட்டேன் என்றேன்.

தொரையாக இருந்தவள் விடவில்லை. "ஆமா, இவ பேசுனா அப்புடியே தொரை உருகிருவாரு! கொட்டையப் போடுடி."

போட்டேன். ஒரே ஒரு வெள்ளை. "போங்கடி, நீங்களும் ஒங்க கொட்டையும்" என்று எழுந்து வந்துவிட்டேன். திமிர்தான், வேறென்ன.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப்போனது. மலையேறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை. பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலை காலியாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் தோட்டத்து வேலைக் கணக்கிலிருந்து அம்மாவின் பேரை வெட்டிவிடுவார்கள்.

"மொதல்ல கண்டாக்கையாகிட்ட சொல்லு புள்ள," என்றாள் அம்மா.

"அவருகிட்ட என்னத்துக்கு? நான் தொரைகிட்டயே பேசுறேன்."

காலைப் பெரட்டில் எல்லோரும் வேலைக்கு வரிசையில் நின்றபோது, தொரைக்குக் கீழே எங்கள் மலையை மேய்க்கும் கண்டாக்கையாவைத் தாண்டிப் போய்த் தொரை முன்னால் நின்றேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை. தொரை கடைசிவரை கேட்டார். சிரித்தார். "கெட்டிக்காரி," என்றார். பிறகு கண்டாக்கையா பக்கம் திரும்பி, "பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கண்டாக்கையா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொரைகிட்டயே பேசிட்டல்ல? அப்புறம் நான் எதுக்கு?"

அந்த வாரமே வேலை வேறொருத்திக்குப் போனது. மாதம் முடிவதற்குள் அம்மாவின் பேரை வெட்டினார்கள். பாவி மனுஷன்! இன்றைக்கும் அந்த ஆளைத் திட்டுகிறேன். அதைவிட அதிகமாக என்னைத் திட்டிக்கொள்கிறேன். அத்தனை ஞாயிறு விளையாடியும் கண்டாக்கு வேஷத்தை ஒருத்திக்கும் கொடுக்கத் தோன்றவில்லையே எங்களுக்கு.

பேர் வெட்டிய வாரத்து ஞாயிறும் விளையாடக் கூப்பிட்டார்கள். "நான்தான் கண்டாக்கு," என்று போய்த் தொரைக்குப் பக்கத்தில் நின்றேன். ஒருத்தி வந்து லீவு கேட்டாள். கொட்டை போட்டாள். நாலும் வெள்ளை. எல்லோரும் கை தட்டினார்கள்.

"இவ பேர வெட்டு," என்றேன்.

வாசலில் கால் நீட்டி, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து உள்ளே போனாள்.