மூன்று மீட்டருக்கு அந்தப் பக்கம்

லியாவ் ஜின்-ஷெங் தைபே நகரில் வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரையும் ஏமாற்றாத மனிதர் என்று டிப்போவில் பேர். அந்தப் பேரைப் போயும் போயும் ஒரு லென்ஸுக்காகக் கெடுத்துக்கொண்டார், பாவி மனுஷன்.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் தாவரவியல் பூங்காவுக்கு நடக்கப் போனார். அங்கே ஒரு குக்குறுவான் பறவையின் கூட்டுக்கு எதிரே, அதைப் படமெடுக்க ஓய்வுபெற்ற ஆசாமிகள் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு கேமரா, அதில் ஒரு நீள லென்ஸ். அதற்கு அவர்கள் வைத்த பேர் பீரங்கி. லியாவும் ஆசையாகப் படமெடுக்கப் போனை நீட்டினார்.

"அண்ணே, அதுல மரம்தான் விழும். பறவையை நீங்களா நினைச்சுக்கணும்" என்றார் வாயாடி ஃபாங். எல்லாரும் சிரித்தார்கள். லியாவும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

அந்தச் சமயம் மகள் யீ-ஷுவானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையும்போது முதல் முடி இறக்க வேண்டும். "ஸ்டுடியோ ஆள் எதுக்கு, தண்டச் செலவு? பாப்பாவுக்குன்னு நானே கேமரா வாங்கி எடுக்கறேன்" என்றார் தாத்தா. மனைவி பி-யுன் உருகிப்போய்த் தன் சீட்டுப் பணத்தை அப்படியே கொடுத்தாள்.

போ-ஐ சாலையில் பழைய கேமரா விற்கிற கடைக்காரர் நல்ல மனிதர். "வீட்டுக்குள்ள குழந்தையை எடுக்கத்தானே ஐயா? பழைய கேமரா பாடி ஒண்ணு, சின்ன லென்ஸ் ஒண்ணு. இந்தக் காசுக்குத் தாராளமா வரும்."

லியாவின் கண் மேல்தட்டில் கிடந்த நீள லென்ஸில் இருந்தது. "அது?"

"அது பறவைக்காரங்களுக்கு. மூணு மீட்டருக்குள்ள எது இருந்தாலும் தெளிவா விழாது. உங்களுக்கு வேண்டாங்க."

லியாவ் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இருந்த பணமெல்லாம் அந்தப் பீரங்கிக்கும் அதை மாட்ட ஒரு பழைய பாடிக்கும் சரியாகப் போயிற்று. மறுநாள் பூங்காவில் ஃபாங் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டபோது மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குள் ஒரு படமாவது எடுத்துப் பார்க்கத் தோன்றியதா? இல்லை.

முடி இறக்கும் நாளன்று மகளின் சின்ன வீட்டில் உறவுக்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். "எல்லாரும் போனை உள்ள வைங்க, குறுக்க வரும்" என்று லியாவ் அதிகாரமாகச் சொன்னார். எல்லாரும் வைத்தார்கள். நாவிதர் கத்தியை எடுத்தார். லியாவ் கேமராவைக் கண்ணில் வைத்தால் உள்ளே ஒரே மங்கல். பின்னால் நகர்ந்தார். சுவர் இடித்தது. வாசலுக்குப் போனார், அதையும் தாண்டி மாடிப்படிக்குப் போனார். செருப்புக் குவியலின் நடுவே நின்றபோதுதான் ஒருவழியாகத் தெளிந்தது. தெரிந்தது சம்பந்தியம்மாளின் முதுகு.

"சம்பந்தி எங்க போறாரு? அடுத்த தெருவுல இருந்து எடுப்பாரோ?" என்றாள் அந்த அம்மாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் முடி இறக்கி ஆகிவிட்டது. ஒரு படம்கூட இல்லை.

பி-யுன் முந்திக்கொண்டாள். "கடைக்காரன் ஏமாத்திட்டான். வயசானவர்னு பார்த்து இவர் தலையில கட்டிட்டான்."

"எந்தக் கடை மாமா? சொல்லுங்க, நாளைக்கே போய் நாலு கேள்வி கேக்கறேன்" என்று மாப்பிள்ளை வாசலுக்கே வந்துவிட்டான்.

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். லியாவால் முடியவில்லை. "அவர் ஏமாத்தலப்பா. சின்னதைத்தான் வாங்கச் சொன்னார். பூங்காவுல எல்லாரும் பெருசு வச்சிருக்காங்க... நான்தான் கேக்கல."

பி-யுன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யீ-ஷுவான் குழந்தையின் மொட்டைத் தலையைத் தடவியபடி, கோபமே இல்லாமல் கேட்டாள்:

"அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் குடுத்தப்ப, அவங்ககிட்டயாவது இந்தப் பூங்கா ஆசையைச் சொன்னீங்களாப்பா?"

லியாவ் படியிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை.