'மகனே' என்று மேலே போகும் இடம்

தை மாதத்தில் என் தம்பி பிறந்த இருபதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். அம்மா அழவில்லை. களையெடுக்கப் போனாள், வந்தாள், சோறாக்கினாள். "ஒரு சொட்டு கண்ணீர் உடலியே. இப்பிடியே கீறாளே, இவளுக்கு இன்னா ஆவப் போவுதோ" என்று பக்கத்து வீட்டு அத்தை நைனாவிடம் புலம்பிவிட்டுப் போனாள். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தார்.

சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் அவர்தான் பெட்டி வாசிப்பவர். பகலில் கூலி வேலை. அந்த வருடப் பெரிய வெள்ளிக்கு அவரே ஒரு பாட்டு கட்டினார். சிலுவையடியில் மரியாள் பாடுவதாக மூன்று சரணம், ஒவ்வொன்றும் 'மகனே' என்று முடியும். பாடவேண்டியவள் நான். ஒன்பது வயது, ஒரு இடத்தில் கால் தரிக்காத பிறவி.

"மொத ரெண்டு தபா அடக்கிப் பாடு. மூணாவதுலதான் மேல போவணும். முன்னாடியே கத்தனேன்னா பாட்டே வீணாப் பூடும்" என்று ஒரு மாதம் உயிரை வாங்கினார். எனக்கோ அந்த உச்சம் ஒன்றுதான் பிடிக்கும். அம்மா வீட்டில் இருக்கும்போது பாடக்கூடாது என்று வேறு கண்டிப்பு. ஏனென்று நான் கேட்கவில்லை.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை. வெறும் வயிறு, தகரக் கூரை, உச்சி வெயில். உபதேசியார் ஆண்டவரின் தாகத்தைப் பற்றிப் பேசினார். எனக்கும் தாகமாக இருந்தது. காலை ஆட்டி ஆட்டிப் பாய் நைந்தது.

என் முறை வந்ததும் பொறுக்க முடியவில்லை. முதல் சரணத்திலேயே உச்சிக்கு ஏறிவிட்டேன். நைனா முறைத்தார். பயத்தில் இரண்டாவதிலும் கத்தினேன். மூன்றாவதற்குத் தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. நைனா துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பெட்டிச் சத்தம் நின்ற இடத்தில் என் 'மகனே' கரகரவென்று, தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் கூப்பிடுவதுபோல் வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு ஓலம். அம்மா பாயில் குப்புற விழுந்து அழுதாள். யாரும் அவளை அடக்கவில்லை. நைனா பெட்டிமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நான் பாட்டைக் கெடுத்ததற்காகத்தான் இத்தனை அழுகை என்று நினைத்தேன். ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதம்மா, அடுத்த வருசம் ஒய்ங்கா பாடறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எப்படியாவது அவள் அழுகையை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை.