சத்தம் நின்ற டிவி

கும்மிடிப்பூண்டியில் கம்ப்யூட்டரிலோ டிவியிலோ ஆப் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் எதிர் வீட்டில் இரும்புக் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் டிவியில் கிரிக்கெட் ஆப்பைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். மாலையில் தெருவுக்குள் திரும்பும்போதே அந்தச் சத்தம் காதைக் கிழிக்கும். அம்மா ஜன்னலோரக் கட்டிலில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாமா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போவேன்.

அம்மா இறந்த மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டில் மேட்ச் ஓடியது, ஆனால் சத்தமே இல்லை. ஏதோ கோளாறு, அதைச் சரிசெய்தால் மனசு கொஞ்சம் மாறும் என்று எழுந்து போனேன். ரிமோட்டை வாங்கிப் பார்த்தால், அவர்களே மியூட்டில் போட்டிருந்தார்கள்.

"இன்னாடா, சவுண்டு வைக்கலியா?" என்றேன்.

அவர்களில் ஒருவனான ராகேஷ் எழுந்து நின்றான். "சவுண்டு அம்மாக்குதான் அண்ணா. டெய்லி ஜன்னல்லேர்ந்து சொல்லும், 'தனியா கீறேன்டா, எம் புள்ள வர்ற வரிக்கும் சவுண்டா வைடா'ன்னு. இப்ப யாருக்கு வைக்கறது?"

மூன்று நாளாக வராத அழுகை அங்கேதான் வந்தது. ஊரெல்லாம் டிவியைப் பேச வைத்தவனுக்குத் தன் வீட்டின் அமைதி தெரியவில்லை.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும், நான்தான் அந்த ஜன்னலில் நின்று சத்தம் வைக்கச் சொல்கிறேன்.