அம்மாவின் காலுக்கு எட்டும் கிளட்ச்

என் அம்மா குள்ளம். இதைச் சொன்னால் இன்றைக்கும் அவளுக்குக் கோபம் வரும். எங்கள் பழைய காரில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டாலும் கிளட்சைத் தரைவரை மிதிக்க அவள் கால் எட்டாது. அதனால் அப்பா கிளட்ச் கேபிளை இறுக்கி, பாதி மிதித்தாலே கியர் விழும்படி வைத்துக் கொடுத்திருந்தார். அப்பாவுக்கோ நெடுங்கால். அவர் ஓட்டினால் வண்டி தவளை மாதிரி குதிக்கும். நான் சிரிப்பேன், அம்மா என்னைவிடச் சிரிப்பாள்.

நான் நான்காவது படிக்கும்போது அம்மா பண்ருட்டியில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போனாள். பத்து நாளில் வருவதாகச் சொன்னாள். பலாப்பழ சீசனே முடிந்துவிட்டது, அம்மா வரவில்லை. ஏன் என்று கேட்க எங்கள் பிளாக்கில் எனக்கு ஆளில்லை. அங்கிருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும் வீட்டில் பகலில் சத்தமே வரக்கூடாது. அம்மா இருந்தபோது நாங்கள் இருவரும் அடுப்படியில் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருப்போம். அந்தக் காலாண்டு லீவில் கிசுகிசுக்கவும் ஆளில்லாமல், வாசலில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்திருப்பேன். அப்படியொரு தனிமையை அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் பட்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் அப்பா பானட்டைத் திறந்து, கேபிள் முனையிலிருந்த நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் காது வைத்த நட்டு. கையாலேயே திருகலாம்.

"அப்ப அம்மா வந்தா எப்படிப்பா ஓட்டுவாங்க?"

"கொஞ்சம் லூசு இருக்கணும் பாப்பா. இல்லன்னா கிளட்ச் பிளேட்டு தேஞ்சி பூடும்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்குப் போகிறோம் என்றார். அம்மாவின் பெரிய பெட்டியை டிக்கியில் ஏற்றிவைத்தார். அவளை அழைத்துவரத்தான் போகிறோம் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். திரும்பும்போது அம்மாதான் ஓட்டுவாள். கால் எட்டவில்லை என்றால் கோபித்துக்கொண்டு அங்கேயே இறங்கிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சனிக்கிழமை அப்பா தூங்கும்போது சத்தமில்லாமல் பானட்டைத் தூக்கினேன். எத்தனை சுற்று என்று தெரியாததால் விரல் நோகும்வரை இறுக்கினேன்.

மறுநாள் டவுன்ஷிப்புக்குள் வண்டி எப்படியோ போய்விட்டது. பண்ருட்டி ரோட்டில் வடக்குத்து ஊர் வந்ததும் வேகமெடுக்க மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கருகிய நாற்றம் வேறு. அப்பா ஓரம்கட்டி பானட்டைத் திறந்து பார்த்தார். பிறகு என் பக்கக் கதவுக்கு வந்தார்.

"பாப்பா, நீ தொட்டியா?"

"அம்மா ஓட்டணும்லப்பா. கால் எட்டாதுல்ல."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா திறந்த பானட்டுக்குப் பின்னால் போயிருந்தார். முன் கண்ணாடி முழுக்க பானட் மூடிதான் தெரிந்தது. இரண்டு பஸ் கடந்து போயின. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"இன்னா சார், ரொம்ப நேரமா நின்னுகினு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க," என்றார் அப்பா. குரல் சளி பிடித்தது மாதிரி இருந்தது.

அவர் மறுபடி ஏறி வண்டியை எடுத்தபோது அது லேசாகக் குதித்தது. முழுக்கத் தளர்த்தாமல் நடுவில் விட்டிருந்தார். அது அவருக்கும் சரியில்லை, அம்மாவுக்கும் எட்டியிருக்காது. நான் மட்டும் சிரித்தேன்.

பண்ருட்டியில் பெட்டி இறங்கியது. காலிப் பெட்டி என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே அம்மாவின் மிச்சப் புடவைகள் இருந்தன. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஆனால் வண்டியில் ஏறவில்லை.

அந்தக் காரை விற்கும்வரை அப்பா கேபிளை மறுபடி தொடவில்லை. அது குதித்துக்கொண்டேதான் ஓடியது. கையால் திருகும் ஒரு நட்டுக்கு வடக்குத்தில் அவருக்கு ஏன் அவ்வளவு நேரமானது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. ஏதோ பெரிய கோளாறு போலிருக்கிறது, அப்பா சரிசெய்துவிடுவார் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.