பத்து நிமிஷக்காரி

ரப்பர் கையுறைகளைத் தினமும் காலையில் அவள்தான் சோதிப்பாள். மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டி, காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தருகே வைத்து அழுத்துவாள். பொட்டு ஓட்டை இருந்தாலும் தெரிந்துவிடும். அன்றைக்கு இடது கன்னம் வீங்கியிருந்ததால் வலது பக்கம் வைத்துப் பார்த்தாள். முந்தின நாள் புருஷன் மின்சாரம் அளக்கும் மீட்டரை அவள்மேல் தூக்கி எறிந்திருந்தான். மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பட்டறை அவனுடையது. டைனமோ, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான். பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்கள் வரத் தொடங்கியபோது, "பொம்மைக் காருக்கெல்லாம் நான் பள்ளிக்கூடம் போகணுமா?" என்று பயிற்சிக்கு அவளை அனுப்பிவைத்தான். போய்வந்தவள், இந்தக் காரில் ஆல்டர்னேட்டரே கிடையாது, பிரேக் பிடித்தால்கூட மோட்டாரே பெரிய பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், அதிலிருந்து சின்ன பாட்டரிக்குக் குறைத்துக் கொடுக்கத் தனியாக ஒரு பெட்டி உண்டு என்று சொன்னாள். முதல் அறை அன்றைக்குத்தான் விழுந்தது. வண்டிக்காரர்கள் அவளைக் கேட்டு வர ஆரம்பித்ததும் அது வழக்கமாகிவிட்டது.

இந்தக் கார்களின் டிக்கி மூலையில் ஆரஞ்சு நிறக் கைப்பிடியோடு ஒரு கட்டை இருக்கும். அதைப் பிடுங்கினால் பெரிய பாட்டரியின் மின் இணைப்பு நடுவில் துண்டாகிவிடும். பிடுங்கியதும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். மிச்ச மின்சாரம் வடியும்வரை பத்து நிமிஷம் யாரையும் கிட்டே விடமாட்டாள். பட்டறையில் கூட வேலை செய்யும் கொழுந்தன் அவளுக்கு வைத்த பெயரே 'பத்து நிமிஷம்'.

"ஏன் அண்ணி, பசிச்சாலும் பத்து நிமிஷம்தானா?"

"உனக்குப் பதினஞ்சு. ரெண்டு ஆள் சாப்பாடு இறங்கணும்ல?"

அன்று வந்த காரில் பாட்டரியின் செம்புப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தது, சார்ஜ் நிற்கவில்லை. அவற்றைச் சுத்தம் செய்து, கொழுந்தன் பின் சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். நட்டு பிடிபடவில்லை என்று ஒரு கையுறையைக் கழற்றியிருந்தான். டிக்கிப் பக்கம் நின்று பார்த்தால் அவன் தெரியமாட்டான்.

புருஷன் போனும் கையுமாக வந்தான். "வண்டிக்காரர் வாசலுக்கே வந்துட்டார். கட்டையைக் குடு."

"ஏங்க, தம்பி உள்ள இருக்கான். பத்து நிமிஷம் பொறுங்க."

"வண்டி ஆஃப்லதானே இருக்கு? ஆஃப்ல இருக்கிற வண்டி எவனக் கடிச்சிருக்கு?"

"இந்தப் பாட்டரிக்கு ஆஃப்னு ஒண்ணு கிடையாதுங்க."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

முடியைப் பிடித்து மேசையில் மோதினான். அதில் பொருத்தியிருந்த இரும்பு இடுக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. அவள் பையைப் பொத்திக்கொண்டாள். வயிற்றில் உதைத்தான். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பிரித்தான். மோதிர விரல் முறிந்தது அவளுக்கே கேட்டது.

"தம்பி, கையை எடுடா! கையை எடு!"

புருஷன் கட்டையைச் செருகி அதன் கைப்பிடியைத் தள்ளிப் பூட்டினான்.

உள்ளிருந்து வந்தது கத்தல் இல்லை, பல் நெறிபடும் சத்தம். கார் கிடுகிடுவென ஆடியது. இந்த மின்சாரம் பிடித்தால் விடாது. புருஷன் கட்டைமேல் கை வைத்தபடி சிலையாக நின்றான். அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, ஒரு கண்ணில் ரத்தம் வழிய, முறியாத கையால் கைப்பிடியைத் திருப்பி அவள் கட்டையை உருவி எறிந்தாள். கருகின வாடை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் கொழுந்தனுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்றார் டாக்டர்.

மாமியார் அறைக்குள் நுழைந்த வேகத்தில் மருமகளின் தலையில் போட்டிருந்த கட்டின்மேலேயே அடித்தாள். "அவசரப்பட்டுக் கட்டையை மாட்டிட்டியாமே! என் புள்ளையக் கொல்லவா பாத்த?"

"யாரு சொன்னா அத்தே?"

மாமியார் மூத்த மகனைப் பார்த்தாள். அவன் மருந்துப் பாட்டிலில் சொட்டும் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட்டிலில் கிடந்தவன் வறண்ட உதட்டை நக்கிக்கொண்டான். "அண்ணே, அண்ணி கத்தினது எனக்கு உள்ள கேட்டுச்சு. கையை எடுக்கறதுக்குள்ள ஆயிடுச்சு. பக்கத்துல நின்ன உனக்குக் கேக்கலையா?"

மாமியார் மறுபடி ஓங்கியிருந்த கையை இறக்கினாள்.

"சொல்லு அண்ணே. கேட்டுச்சா, இல்லையா?"

மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டு, கட்டிலுக்கடியில் போயிருந்த ஒற்றைச் செருப்பைக் காலாலேயே இழுத்து மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.