நெரிடா பக்லியின் ஐம்பத்தேழு பேர்

ஆஸ்திரேலியாவின் ரயில் ஊரான கில்பராவில் ஒருவர் செத்துப்போனால் முதலில் பாதிரியாருக்குச் சொல்லுவார்கள். அடுத்தபடியாக நெரிடா பக்லிக்கு. பாதிரியார் ஜபம் சொல்லி அடக்கம் செய்து அனுப்பிவிடுவார். நெரிடா மட்டும் யாரையும் அனுப்புவதில்லை.

ரயில் பட்டறைக்குப் பின்புறம் இருக்கும் ரக்பி லீக் கிளப்பில் உறுப்பினர் அட்டை கொடுக்கும் ஜன்னலுக்குள் முப்பத்தோரு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் அவள். மார்பில் கூழைக்கடா படம் போட்ட சிவப்புச் சட்டைதான் அந்தக் கிளப்பின் அடையாளம். சிட்னிக்காரர்கள் அந்தப் பறவையைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மீனுக்காகக் காத்திருக்குமாம், கோப்பைக்காகக் காத்திருக்கும் எங்களைப்போல. காத்திருந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது என்பதால் நாங்களும் பதில் சொல்வதில்லை.

நெரிடாவுக்கு உயரம் கிடையாது, குரல் உண்டு. அப்பா ரயில்வேயில் சிக்னல்காரர். பத்தொன்பது வயதில், மழையில் நனைந்த புல்மேட்டில் நின்று ஆட்டம் பார்க்கும்போது, பக்கத்தில் நின்ற கிளாரி பக்லி என்ற கொதிகலன் பட்டறைக்காரன் தன் கோட்டைக் கழற்றி இவள் தலைமேல் போட்டான். போட்டவன் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கோட்டோடு அவனையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். பிள்ளைகள் இல்லை. சனி ஞாயிறில் ஃபுட்டி என்ற அந்த ரக்பி ஆட்டம், மற்ற நாட்களில் ஃபுட்டியைப் பற்றிய பேச்சு. அப்படியே முப்பத்திரண்டு வருஷம் ஓடி, ஒரு நாள் மாரடைப்பில் கிளாரி போய்ச் சேர்ந்தார்.

செத்தவர்கள் விஷயம் அதற்கும் முன்பே ஆரம்பித்தது. மிஸஸ் கிரிஃபின் என்ற அம்மாள், பட்டறையில் ரயில் பெட்டிகளுக்கு நடுவே நசுங்கிச் செத்த தன் மகனின் உறுப்பினர் அட்டையை ரத்து செய்ய ஜன்னலுக்கு வந்தாள். வந்தவள் அட்டையைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை நீண்டது. கடைசியில், "இந்த வருஷமும் அவனுக்கு ஒரு கார்டு போடலாமா?" என்று கேட்டாள். நெரிடா முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அவ்வளவுதான், ஊருக்கே பழக்கமாகிவிட்டது. வருஷா வருஷம் குடும்பத்தார் செத்தவருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார்கள். ஆட்டத்தன்று அவர் உட்காரும் நாற்காலியின் முதுகில் அந்த அட்டையை ரப்பர் பேண்டு போட்டு மாட்டிவிடுவார்கள். கூட்டம் நெரிந்தாலும் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். வெளியூர்க்காரன் தெரியாமல் உட்கார்ந்தால், விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிடுவான்.

இதில் நெரிடா செய்த தப்பு ஒன்றுதான். பேரேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேராக 'இறந்துவிட்டார்' என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. எழுதினால் செத்தே போய்விடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. பெயர்களை மட்டும் தனியாகச் சின்ன அட்டைகளில் எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். கிளாரி போன ஒன்பதாம் வருஷக் கணக்குக்கு ஐம்பத்தேழு பேர். ஐம்பத்தேழில் ஒருவர் கிளாரி.

அந்த வருஷம்தான் டாமியன் ஸ்ட்ராக்கன் வந்தான். வீட்டுக்கு வீடு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்துப் பணக்காரனானவன். ஆறு வருஷமாகப் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த கிளப்பைத் தான் வாங்கி, பணத்தைக் கொட்டி, நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவதாகச் சொன்னான். கிளப் அதுவரை உறுப்பினர்களுக்குச் சொந்தம். அவர்கள் ஓட்டுப் போட்டு நாலில் மூன்று பேர் 'சரி' என்றால்தான் விற்க முடியும்.

ஊர் இரண்டாகப் பிளந்தது. ஒரே வீட்டில் அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. 'வேண்டாம்' கட்சிக்குத் தலைவர் வின்ஸ் டபோன். மால்டாக்காரர், கறிக்கடை வைத்திருந்தவர், ஒரு காலத்தில் இதே சட்டையில் ஆடி முழங்காலைத் தொலைத்தவர். கிளாரியின் உயிர் நண்பர். நெரிடாவும் அதே கட்சிதான். "என் உடம்புல மூச்சு இருக்கிற வரைக்கும் இத ஒருத்தன் கைக்குப் போக விடமாட்டேன்" என்று கிளாரி மதுக்கூடத்தில் மேஜையைத் தட்டியது அவள் காதில் இன்னும் இருந்தது.

பேரேட்டில் இருந்த எல்லாருக்கும் ஓட்டுச் சீட்டு தபாலில் போயிற்று. நெரிடாவின் கதவு வழியே இரண்டு உறைகள் விழுந்தபோதுதான் அவளுக்குச் சுரீரென்றது. அப்போதே தொலைபேசியை எடுத்து ஓட்டு நடத்துகிறவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எடுக்கவில்லை. தன் சீட்டில் 'வேண்டாம்' போட்டாள். பிறகு டீ போட்டுக் குடித்தாள். பிறகு கிளாரியின் சீட்டிலும் 'வேண்டாம்' போட்டு, உறைமேல் அவர் கையெழுத்தைப் போட்டாள். எழுத்து வேலை என்றாலே கசக்கும் மனுஷன் அவர். வீட்டுத் தாள்களில் எல்லாம் அவர் பெயரை இவள்தான் போடுவாள். கை தானாகப் போட்டுவிட்டது.

ஓட்டு எண்ணும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கிளப் கூடத்துக்கு வெளியே ஐந்நூறு பேர் நின்றார்கள். உள்ளே ரீமா ஹட்டாத் என்ற தணிக்கைக்காரப் பெண், தட்டுத் தட்டாக உறைகளை எண் வரிசையில் அடுக்கிவைத்திருந்தாள். கண்டிப்பானவள், பென்சில்களைக்கூட ஒரே நீளமாகச் சீவி வைத்திருந்தாள்.

"மிஸஸ் பக்லி, உறைகளைப் பிரிக்கறதுக்கு முன்னாடி நீங்க இதுல கையெழுத்துப் போடணும். 'பட்டியல்ல இருக்கிற எல்லாரும் உயிரோட இருக்கிறவங்க, ஓட்டுப் போட உரிமை உள்ளவங்க.' வழக்கமான வாசகம்தான். பத்து மணிக்குள்ள குடுத்தாப் போதும்."

தாளை வாங்கிக்கொண்டு நெரிடா தன் சின்ன அறைக்குப் போனாள். பின்னாலேயே நொண்டிக்கொண்டு வந்த வின்ஸ் கதவைச் சாத்தினார்.

"என்ன மூஞ்சி இது? போட்டுக் குடுத்துட்டு வா."

"இவங்கள்ல ஐம்பத்தேழு பேர் செத்துப்போயிட்டாங்க, வின்ஸ்."

"யாரு இல்லேன்னா? எங்க அண்ணன் கார்மெலோவும் அதுல ஒருத்தன். நான்தான் அவனுக்குப் போட்டேன். எல்லாக் குடும்பத்தையும் நான் பார்த்துப் பேசிட்டேன். அம்பத்தேழும் 'வேண்டாம்'."

"நீயே போய்ப் பேசினியா?"

"பின்ன? கணக்குப் பாரு நெரி. நாலுல மூணு வேணும் அவனுங்களுக்கு. நம்ம ஒரு 'வேண்டாம்' அவனுங்க மூணு 'சரி'யத் தின்னுரும். அம்பத்தேழுன்னா நூத்தி எழுபத்தோரு பேரு! இது நூலிழையில நிக்குது. நம்ம பசங்க குழிக்குள்ள இருந்துகிட்டே கிளப்பக் காப்பாத்தப் போறானுங்க."

"கீழே என் பேர்ல கையெழுத்துப் போடணுமே."

"முப்பது வருஷமா நீ போடாத கையெழுத்தா? கிளாரி இருந்தா உன்னக் கேட்டிருப்பானா? அவனே போட்டிருப்பான். பத்து நிமிஷம் இருக்கு. சொதப்பிடாத தாயே."

அவர் போனபின் நெரிடா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். சுவரில் கடிகாரம் பத்துக்குப் பத்து நிமிஷம் இருப்பதைக் காட்டியது. கையெழுத்துப் போட்டால் கிளப் பிழைக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. போடாவிட்டால், கிளாரி உயிரையே வைத்திருந்த கிளப்பை நீச்சல் குளக்காரன் கையில் தூக்கிக் கொடுத்தவள் இவள்தான்.

கதவைத் தட்டிக்கொண்டு செஃபீனா டீயோடு வந்தாள். கிளப் சமையலறையில் 'பை' என்ற கறி அடைத்த ரொட்டி சுடும் சமோவாத் தீவுக்காரி. அவள் மகன் டவிட்டா அணியின் முன்வரிசையில் ஆடுகிறவன். பிரிஸ்பேன் கிளப் ஒன்று இரட்டைச் சம்பளத்துக்கு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி நெரி, உங்ககிட்ட ஒளிக்கக் கூடாது. நாங்க மூணு பேரும் 'சரி'ன்னுதான் போட்டோம். நானு, அவரு, மக. கோச்சுக்காதீங்க."

"நான் எதுக்குக் கோச்சுக்கறேன்? உன் ஓட்டு, உன் இஷ்டம்."

"காசு வந்தா டவிட்டா இங்கயே இருப்பான், அது போதும்னு இருக்கு. அது நடக்குதோ இல்லியோ... இந்த நாட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு, ஆன்ட்டி. உங்க அபிப்பிராயம் என்னன்னு ஒருத்தரும் எங்களக் கேட்டதில்ல. முதல் தடவையா ஒரு உறை வந்து, கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு உக்காந்து போட்டாரு."

டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நெரிடா அந்த டீயைத் தொடவில்லை. செஃபீனாவின் வீட்டில் மூன்று ஓட்டு. மூன்றையும் தின்ன கிளாரி ஒருவர் போதும். சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்த அந்த மனுஷனின் ஓட்டை, டீ குடித்த கையோடு அவள் போட்ட ஒரு பொய்க் கையெழுத்து அடித்துவிடும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, வின்ஸ் மேல், ஸ்ட்ராக்கன் மேல், செஃபீனா சரியாக அந்த நேரம் பார்த்து வந்ததன்மேல்.

பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, ரீமாவின் மேஜையில் வைத்தாள்.

"இதுல இருக்கிறவங்க யாரும் உயிரோட இல்ல."

ரீமா டப்பாவைத் திறந்து பார்த்தாள். "எத்தனை நாளா?"

"சில பேர் போன வருஷம். ஒருத்தன் இருபத்தஞ்சு வருஷம்."

கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. எண்ணுவதைப் பார்க்க உட்கார்ந்திருந்த இரு கட்சிக்காரர்களின் நாற்காலிகளும் கரகரவென்று நகர்ந்தன. ரீமா அட்டைகளை நெரிடாவிடம் திருப்பிக் கொடுத்தாள். பெயரைப் படிக்கச் சொன்னாள், படிக்கப் படிக்கத் தட்டுகளிலிருந்து உறைகளை உருவினாள். கிரிஃபின். டபோன். ஹாலோரன். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உறை இருந்தது. உயிரோடிருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் ஓட்டுப் போடச் சோம்பல் பட்டிருந்தார்கள். செத்தவர்களில் ஒருவர்கூடப் பாக்கி இல்லை.

கடைசி அட்டையை எடுத்தாள். "பக்லி. கிளாரன்ஸ் பக்லி."

ரீமா அந்த உறையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"அந்தக் கையெழுத்து என்னோடதுதான். யார்கிட்டச் சொல்லணுமோ சொல்லுங்க."

ரீமா ஐம்பத்தேழு உறைகளையும் நூலால் கட்டி, மேலே 'செல்லாது' என்று எழுதி ஓரமாக வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பெயர்களை அடித்துவிட்டுப் பட்டியலை நீட்டினாள். நெரிடா கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

வின்ஸ் அவள் முன்னால் வந்து நின்றார். அடித்துவிடுவாரோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் பயந்தார்கள்.

"கிளாரிய வித்துட்ட நீ. 'மூச்சு இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்'னு சொன்னவனோட ஓட்ட எடுத்துக் குப்பையில போட்டுட்ட."

"மூச்சு இருக்கிற வரைக்கும்னுதான் சொன்னாரு, வின்ஸ். மூச்சு போயி ஒன்பது வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியாதா? பக்கத்துல படுத்திருந்தது நான்தானே."

எண்ணி முடிக்க மாலை நாலு மணி ஆயிற்று. நாக்கு வறண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரீமா ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொல்லி, எழுந்து நின்று படித்தாள். செல்லும் ஓட்டு 3,984, அதில் தேவைப்பட்ட 'சரி' 2,988. கிடைத்தது 2,997.

ஒன்பது ஓட்டில் கிளப் கைமாறியது. வெளியே ஒரு பாதி ஆர்ப்பரித்தது. இன்னொரு பாதி அசையவில்லை. அந்த ஐம்பத்தேழும் இருந்திருந்தால் கதை வேறு என்று கணக்குத் தெரிந்த எல்லாருக்கும் புரிந்தது. நெரிடா தன் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சரியானதைச் செய்தோம் என்ற நிம்மதி கொஞ்சமும் வரவில்லை. தோற்றது அவள் கட்சி, தோற்கடித்ததும் அவள்.

பிறகு வந்த மாதங்கள் நன்றாக இல்லை. ரொட்டிக் கடையில் மிஸஸ் ஹாலோரன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வின்ஸ் தெருவின் எதிர்ப் பக்கம் மாறி நடந்தார், நொண்டிக் காலோடு, வேண்டுமென்றே மெதுவாக, அவள் பார்க்கட்டும் என்று. ஜன்னலையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கண்ணாடிக் கவுண்டரும் கணினியும், பின்னால் ஸ்ட்ராக்கனின் பெரிய படமும் வந்தன. டவிட்டா பிரிஸ்பேனுக்குப் போகவில்லை. அதற்காக ஒரு நாள் செஃபீனா 'பை' சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நெரிடா நின்றபடியே தின்றுவிட்டு, உப்பு அதிகம் என்றாள்.

பிப்ரவரியில் புது அட்டைகள் போட ஆரம்பித்தார்கள். போவதில்லை என்று நாலு நாள் வீம்பாக இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் நெரிடா போய் வரிசையில் நின்றாள். முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம்.

"ரெண்டு," என்றாள். "நெரிடா பக்லி, கிளாரன்ஸ் பக்லி."

கவுண்டரில் இருந்த பெண் தட்டச்சு செய்தாள். "மிஸ்டர் பக்லியும் ஆட்டத்துக்கு வருவாரா?"

"இல்லம்மா. அவர் செத்துப்போயிட்டாரு."

பெண்ணின் விரல்கள் நின்றன. "அப்ப எப்படி... அவர் பேர்ல..."

"சும்மா போடு. யாருக்கும் நஷ்டமில்ல. பழைய கார்டுல ஓட்டு இருந்துச்சு, அதான் தகராறு. இப்ப அவருக்கும் ஓட்டு கிடையாது, எனக்கும் கிடையாது. உங்க கணினிக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பிப் பார்த்தாள். வின்ஸ். ஐந்து மாதமாகப் பேசாத மனுஷர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் தலைக்கு மேலாகக் கவுண்டரைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கும் அதே மாதிரி ரெண்டு போடும்மா. எங்க அண்ணனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."