இஞ்சினியரின் குச்சியில் ஏறிய போஞ்சி

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வெள்ளைச் சீருடை காய்ந்த கொடி ஒன்றே ஒன்றுதான். அது எங்களுடையது. மற்றக் கொடிகளில் கொழுந்துக் கறை பிடித்த, இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்குகளும் கம்பளித் துண்டுகளும் தொங்கும்போது, நடுவில் என் கவுன் மட்டும் கொக்கு மாதிரி நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைக் கழற்றிப் பீலிக்கு எடுத்துக்கொண்டு ஓடுவேன். லயத்துக்குப் பின்னால் இருந்த மலையின் ஊற்றிலிருந்து மூங்கில் வழியாக வந்து விழுகிற தண்ணீர் அது. எந்த வெயில் காலத்திலும் நின்றதில்லை. அம்மா சவர்க்காரத்தைத் தேய்ப்பார், நான் அலசுவேன். காலையில் அதே கவுனைப் போட்டுக்கொண்டு பாதைக்கு இறங்கி, வெலிமடையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று முழுசாகப் போன முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு எல்லாரும் நின்றுவிட, நான் மட்டும் டவுன் பள்ளிக்கூடம் போனேன். பள்ளியை முடிக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்தான் இருந்தது. அது கங்காணிக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸுக்கு ஓடும்போதெல்லாம், பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்திலிருந்து கத்துவார்.

“என்னா டீச்சரம்மா, எப்ப பேரு பதியப்போற? ஒங்க ஆத்தா பாவம், தனியா கொழுந்து கிள்ளுது!”

பேர் பதிவது என்றால் தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளியாகப் பெயரைச் சேர்ப்பது. எனக்கு முன்னால் அம்மாவே திருப்பிக் கொடுப்பார். “ஒங்க பேரு பதிஞ்சு நீங்க என்னத்தக் கண்டீங்க கங்காணி? தொண்டத்தண்ணி வத்துனதுதான் மிச்சம்!” பெரட்டுக்களமே சிரிக்கும்.

பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. கூப்பன் அரிசி வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். மத்தியானம் மரவள்ளி, இரவு மரவள்ளிக் கஞ்சி. ரேடியோவைத் திருப்பினால் எல்லாரும் பயிர் செய்ய வேண்டும், ஒரு துண்டு நிலமும் தரிசாகக் கிடக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்குப் பயிர் செய்ய ஆசைதான். நிலம் எங்கே? லயத்து வாசலுக்கும் தண்ணீர் ஓடும் கானுக்கும் நடுவில் இருந்த ஒட்டு நிலத்தில் ஆளுக்கு நாலு பாத்தி கீரை. அவ்வளவுதான். பின்மலை முழுவதும் ஆள் உயர மானாப்புல் காடு. அது தோட்டத்துக்குச் சொந்தம். கை வைத்தால் தோட்டத்தை நடத்தும் தொரை வேலையை நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் நாங்கள் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்த நேரத்தில் ஜீப்பில் யாரோ வந்து போனார்கள். சாயந்திரம் பார்த்தால் பின்மலை நெடுகக் குச்சிகள். புல்லுக்கு மேலே தெரிய வேண்டும் என்று நல்ல உயரமான குச்சிகளாக, வரிசை பிசகாமல், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புத் துணித் துண்டு கட்டி அடித்திருந்தார்கள்.

தோட்டத்து ஆட்களுக்குக் குச்சி அடிப்பதென்றால் என்னவென்று தெரியும். புதுமலையில் தேயிலை நடும்போது குச்சி அடித்துத்தான் குழி வெட்டுவார்கள். ஆனால் தேயிலைக்கு இவ்வளவு தள்ளித் தள்ளி அடிக்க மாட்டார்களே என்று பீலியடியில் பெரிய பேச்சு. கடைசியில் கங்காணிதான் தீர்ப்புச் சொன்னார்.

“இது கூடத் தெரியலியா? ரேடியோக்காரன் நாளுமுழுக்கக் கத்துறானே. தொர நமக்கு மரக்கறி போடத்தான் அளந்து குடுத்திருக்காரு. ஒரு குச்சிக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவுல உள்ளது ஒரு குடும்பத்துக்கு.”

“தொரைய கேட்டீங்களா?” என்றார் என் சித்தி. அவர் லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். எதையும் வாய்விட்டுக் கேட்காமல் இருக்க அவரால் முடியாது.

“தொரைய எதுக்குக் கேக்கணும்? அரசாங்கமே சொல்லுது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்காணி பெரட்டு எடுப்பது போலவே பெயர் கூப்பிட்டு மலையைப் பிரித்துக் கொடுத்தார். சித்தி தனக்கு ஊற்றுப் பக்கம் வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்கினார். எங்களுக்குக் கிடைத்தது சரிவான துண்டு. அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் புல்லைச் சாய்த்துக்கொண்டே போக, அம்மா முள்ளு மண்வெட்டியால் மண்ணைக் கொத்தினார். மண் கரைந்து ஓடாமல் இருக்கத் தேயிலை மலையில் வெட்டுவது போலவே குறுக்குக் கான் வெட்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தொரைக்காக வாழ்நாள் முழுக்க வெட்டிய கான்தானே. வெலிமடைச் சந்தையில் வாங்கிய விதையை ஊன்றினோம். குச்சி ஏற்கெனவே நின்றது வசதியாகப் போயிற்று. ஒவ்வொரு குச்சியின் அடியிலும் போஞ்சி, பீன்ஸ் என்கிறார்களே, அதன் விதை. போதாத இடத்துக்கு நாங்களே காட்டுக் குச்சி வெட்டி நட்டோம்.

போஞ்சி வளர்கிற வேகத்தைப் பார்த்தால்தான் நம்பலாம். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். கொடி குச்சியைச் சுற்றிச் சுற்றி ஏறி, சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் ஆடியது. மலையே பச்சைப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. ரேடியோ சொன்னதற்குப் பயந்தோ என்னவோ, தொரையும் கண்டுகொள்ளவில்லை. பூ வந்து பிஞ்சு இறங்கும் நேரத்தில் ஜீப் திரும்பி வந்தது.

கொழும்பிலிருந்து வந்த இளம் இஞ்சினியர் ஒருவர் இறங்கினார். வெயிலுக்குத் தொப்பியும் கையில் சுருட்டிய வரைபடமும். அன்று பள்ளி விடுமுறை, நான் மலையில் இருந்தேன். அவர் மேலே பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், திரும்ப மேலே பார்த்தார். பிறகு ஒரு கொடியை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். சிவப்புத் துணி தெரிந்தது.

சிங்களத்தில், “இது என் குச்சி!” என்றார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கீழ்க் கிராமத்துப் பிள்ளைகளோடு ஓடையில் விளையாடிக் கற்றது. அவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

“குச்சி அவரோடதா? சரி, எடுத்துக்கச் சொல்லு” என்றார் அம்மா. “போஞ்சி நம்மளோடது. அத விட்டுட்டு எடுக்கச் சொல்லு.”

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபப்படலாமா சிரிக்கலாமா என்று தெரியாத முகம். பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, குச்சிகள் எதற்கென்று எனக்கு விளக்கமாகச் சொன்னார். எங்கள் மலைக்குள் வெள்ளைச் சுண்ணாம்புக் கல் இருக்கிறதாம். ஒரு பெரிய கம்பனி வெடி வைத்து மலையை உடைத்துக் கல் எடுக்கப்போகிறதாம். தோட்டம் சம்மதித்துவிட்டதாம். வெடிக்குப் பக்கமாக இருப்பதால் எங்கள் லயத்தை எடுத்துவிட்டு, ஆட்களைத் தோட்டத்தின் இன்னொரு பகுதியான, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள டிவிசனுக்கு மாற்றுவார்களாம்.

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் என்றால் பஸ் இல்லை. கொழுந்து லொறி மட்டும்தான் போய் வரும். அது எல்லாருக்கும் தெரியும். சித்தி என்னைத்தான் முதலில் பார்த்தார்.

“அப்ப இவ படிப்பு?”

கங்காணி தொண்டையைச் செருமினார். அன்றைக்கு அவர் பேர் பதிவதைப் பற்றிக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா மட்டும் ஒரு கை போஞ்சியைப் பறித்து, முந்தானையில் துடைத்து, இஞ்சினியரிடம் நீட்டினார். “வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லு. மலையக் குடுக்க மாட்டோம்னும் சொல்லு.” அவர் போஞ்சியை வாங்கிக்கொண்டார். மலையைப் பற்றி அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி ஓடையோடு கீழே இறங்கிக் கிராமத்துக்குப் போய்விட்டது. மறுநாளே அங்கிருந்து வயல்காரர் ஒருவர் ஏறி வந்தார். எங்கள் ஊற்றுத் தண்ணீர்தான் கீழே போய் அவர்கள் வயலில் பாய்ந்தது. முன்பெல்லாம் எங்கள் மாடு அவர் வேலியைத் தாண்டினால் ஏசிக்கொண்டு வருகிற மனிதர்.

“நங்கி, மலை ஒடைச்சா ஊத்து இல்ல. ஊத்து இல்லன்னா வயல் இல்ல. கச்சேரிக்கு நாங்களும் வாறோம்” என்றார் அம்மாவிடம், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டுவிட்டு, மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழில்.

“மாடு வந்தா ஏச மாட்டீங்களா?” என்று கேட்டார் சித்தி.

“மாடு வேற கதை!” என்றார் அவர்.

அவரும் அம்மாவும் சித்தியும் பதுளைக் கச்சேரிக்கு வந்த அன்று நான் பள்ளி விட்டதும் சீருடையோடு அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன். அங்கே இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். முழுவதையும் கேட்டுவிட்டு, தானே வந்து காணியைப் பார்ப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு பேசினது தமிழா?” என்றார்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கங்காணி அன்று மலையிலேயே பெரட்டு வைத்தார். ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டில் நிற்க, அவர் கீழே நின்று பெயர் கூப்பிட்டார். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் “இருக்கேங்க!” என்று பதில் வந்தது. கீழ்க் கிராமத்து ஆட்கள் ஓடைக் கரையில் நின்றார்கள். இஞ்சினியரும் தோட்டத்துக் கிளாக்கரும் ஜீப்பருகில் நின்றார்கள்.

“இது என்ன, பிள்ளை?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

“பெரட்டுங்க ஐயா. யார் யாருடைய பாத்தி என்று உங்களுக்குத் தெரியத்தான்.”

“எல்லாம் உங்கட ஆக்களே நட்டதோ?”

சித்தி என் காதில், “ஆக்கள்னா?” என்றார். ஆட்கள் என்றேன். அன்று முழுவதும் நான் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து தமிழுக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் சப்பாத்து சேறாக மேல் வரைக்கும் ஏறினார். கானைப் பார்த்தார். ஊற்றில் கை வைத்துத் தண்ணீர் குடித்தார். வயல்காரரிடம் சிங்களத்தில் பேசினார். பிறகு இறங்கி வந்து, இஞ்சினியருக்கு ஒரு தரம் ஆங்கிலத்தில், எங்களுக்கு ஒரு தரம் தமிழில் சொன்னார்.

“நாடு சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுற நேரம் காய்க்கிற பயிரைப் பிடுங்கச் சொல்லி நான் சொல்லேலாது. இந்தக் காணியில பயிர் நிக்குமட்டும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. அதுக்குப் பிறகு கதைப்பம்.”

இஞ்சினியர் தலையாட்டினார். போஞ்சி இன்னும் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அதிகாரி போஞ்சி என்று சொல்லவில்லை. பயிர் நிற்கும் வரைக்கும் என்றுதான் சொன்னார். எந்தப் பயிர் என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துச் சித்தி வாயைத் திறந்தார்.

“அப்ப ஐயா, போஞ்சிக்கப்புறம் நாங்க வேற…”

நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். “ஆ!” என்று கத்திவிட்டார்.

“அவ என்ன சொல்லுறா?” என்றார் அதிகாரி.

“முள்ளு குத்திவிட்டதுங்க ஐயா.”

அவர் என் காலையும் சித்தியின் காலையும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நல்லாப் படியும், பிள்ளை” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஜீப் வளைவில் மறைந்ததும் நான் எல்லாரையும் கூப்பிட்டு, அவர் எந்தப் பயிர் என்று சொல்லாததை எடுத்துச் சொன்னேன். முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு மலையே சிரித்தது. சித்தி காலைத் தேய்த்துக்கொண்டே, “இத முன்னாடியே வாயால சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மலையில் அறுவடை முடியவே இல்லை. போஞ்சி மஞ்சளாகுமுன்பே அதன் அடியில் முள்ளங்கி முளைத்திருக்கும். முள்ளங்கி பிடுங்கிய குழியில் அன்றைக்கே மரவள்ளித் தடி நிற்கும். ஒரு பாத்தி வெறுமையாகக் கிடந்தால் கங்காணி பெரட்டில் நிறுத்தி ஏசுவார். கான் ஓரங்களில் புல் நட்டோம். சாணியையும் சருகையும் கொட்டினோம். வருடா வருடம் பீலி மெலிந்து போகிற ஆவணி வெயிலிலும் அது தடித்து விழுந்தது. கீழ் வயல்காரர் எங்களுக்குச் செவ்வாழைக் குட்டி கொண்டு வந்து கொடுத்தார். மிஞ்சிய மரக்கறியைச் சேர்த்து எல்லாருக்குமாக ஒரே லொறியில் சந்தைக்கு அனுப்பப் பழகினோம். அம்மா எங்கள் துண்டின் மேல்மூலையில் ஒரு பலாக்கன்று வைத்தார். “போஞ்சிக்கு ரெண்டு மாசம். இது காய்ச்சு முடியிற வரைக்கும் அந்த இஞ்சினியரு உக்காந்திருக்கட்டும்” என்றார்.

இரண்டு மாதம் கழித்து இஞ்சினியர் வந்தார். போஞ்சி முடிந்திருந்தது. மலை முழுக்க மரவள்ளி. சிரித்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது உருளைக்கிழங்கு. கடைசியாக வந்தபோது நான் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். கம்பனி வேறு மாவட்டத்தில், ஆள் குடியிராத ஒரு மலையைப் பார்த்துவிட்டதாம். மிச்சமிருக்கும் குச்சிகளை எடுத்துப் போக வந்தாராம். அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா மலையை ஒரு முறை பார்த்தார். புதுப் போஞ்சி மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

“கொடி ஏறியிருக்குல்ல. காய் முடியட்டும், வந்து எடுத்துக்கச் சொல்லு.”

நான் சொல்லுமுன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. கைநிறையப் போஞ்சியோடு ஜீப்பில் ஏறினார். குச்சி கேட்டு அவர் திரும்ப வரவில்லை.

பரீட்சை முடிவு வந்த அன்று நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, பெரட்டுக்களத்தைத் தாண்டி நடந்தேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். கங்காணி பார்த்துவிட்டார்.

“என்னா டீச்சரம்மா, பாஸா?”

“பாஸுங்க.”

அவர் கையிலிருந்த செக்ரோலை மூடினார். பிறகு கொழுந்து நிறுக்க வந்து நின்ற அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும் என்று, தொண்டை கிழியக் கத்தினார்.

“அப்ப ஒன் பேரு இங்க பதிய எடமில்ல! போ, போயி கவுன அலசு! பீலியில தண்ணி நிக்காம ஓடுது!”